ஸ்பானர் சத்தம் நிற்கும்வரை

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வேலை சரியாகச் செய்திருக்கிறோமா என்று யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை. சங்கடம் என்னவென்றால், அதை அவர்களே உள்ளே ஏறிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கம்பெனியில் இது எழுதாத சட்டம். எந்தக் கை பழுது பார்த்ததோ, அந்தக் கைக்குச் சொந்தக்காரர்கள்தான் முதலில் ஏற வேண்டும். ஏறி, ஒவ்வொரு மாடியிலும் நின்று, கதவு திறந்து மூடுவதைப் பார்த்து, முழுசாகத் திரும்பி வந்த பிறகுதான் கட்டடத்துக்காரர்கள் ஏறலாம்.

அப்படி ஏறுவதற்கு முன்னால் மாமா கண்ணை மூடிக்கொள்வார். சும்மா ஒரு நொடி மூடித் திறக்கிற கதையெல்லாம் இல்லை. ஒரு டம்ளர் சூடான டீயை ஊதி ஊதிக் குடித்து முடிக்கிற நேரம் ஆகும். உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. அவ்வளவு நேரமும் அவருடைய கூட்டாளி ஸ்பானரும் கையுமாக லிஃப்ட்டைச் சுற்றிச் சுற்றி வருவான். போல்ட்டைத் தட்டுவான், கம்பி வடத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பான், சிதறிக் கிடக்கும் சாமான்களைப் பொறுக்கிப் பெட்டியில் போடுவான். கேட்டால் நேரம் போகவில்லை என்பான். அவனுக்குக் கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது.

கம்பெனியில் அவனுக்கு வைத்த பெயர் விஞ்ஞானி. பெரிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. நாளைக்கு மழை வரும் என்று யாராவது சொன்னால்கூட "ஆதாரம் என்ன?" என்று கேட்பான், அதனால் வந்த பட்டம். கடவுள் விஷயத்திலும் அதே கேள்விதான். ஆதாரம் வரும்வரை அவன் நம்பப் போவதில்லை, வரும் என்கிற நம்பிக்கையும் அவனுக்கு இல்லை.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்போது மாமா மாமாவாக இல்லை, வெறும் சிநேகிதன்தான். விஞ்ஞானி வீட்டுக்கு டீ குடிக்க வந்தவர், டீ போட்டுக் கொடுத்த அக்காவைப் பார்த்து, பிறகு காரணமே இல்லாமல் அடிக்கடி டீ குடிக்க வந்து, கடைசியில் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு மாமா ஆகிவிட்டார். அன்றிலிருந்து இவன் அவருக்கு மாப்ள. இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்த்தவர்கள் அந்தத் தொழிலில் யாரும் கிடையாது. ஒருவர் வாசலில் வந்து நின்றால், மற்றவர் வண்டி நிறுத்துகிறார் என்று அர்த்தம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதையில் விஞ்ஞானியின் வாய் புகுந்தது.

அது ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்ட்டின் அடிக்குழியில் வேலை. ஒரு பகல் முழுக்க லிஃப்ட் ஓடாததால் தரைத்தளத்தில் நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது. காய்கறிப் பையோடு சிலர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிலர், எல்லாருக்கும் முன்னால் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால் கட்டடமே அவர் முதுகில் நிற்கிற மாதிரி ஒரு தோரணை வந்துவிடும். வேலை முடிந்தது. மாமா வழக்கம்போல் லிஃப்ட் கதவின் எதிரே நின்று கண்ணை மூடினார்.

"என்னப்பா இவர் கண்ணை மூடிட்டாரு? ரிப்பேர் சரியா ஆகலையா?" என்று செயலாளர் பதறினார்.

"அதெல்லாம் ஆயிடுச்சு சார். என் வேலை மேல நம்பிக்கை இல்லாம மேலிடத்துக்கு ஒரு மனு போடுறாரு" என்றான் விஞ்ஞானி.

கூட்டம் சிரித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாலு பேர் சிரித்துவிட்டால் விஞ்ஞானிக்குத் தலைகால் புரியாது.

"மனு போட்டும் பிரயோஜனம் இல்ல சார். மேல இருக்கிறவருக்கு லிஃப்ட்டப் பத்தி என்ன தெரியும்? என்னைக்காவது இறங்கி வந்திருந்தாத்தானே?"

தரைத்தளமே அதிர்ந்தது. செயலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகூட முழித்துக்கொண்டது. மாமா நடுவிலேயே கண்ணைத் திறந்தார். அத்தனை வருடத்தில் அவர் பாதியில் கண்ணைத் திறந்தது அதுதான் முதல் தடவை. அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. "ஏறலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றார்.

மறுநாளிலிருந்து பிரார்த்தனை கிடையாது. வேலை முடிந்ததும் மாமா கையைத் துடைத்துக்கொண்டு நேராக லிஃப்ட்டில் ஏறினார். சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அதைவிடக் கொடுமையாக ஒன்று செய்தார், மரியாதை கொடுத்தார். "அந்த ஸ்க்ரூட்ரைவரைக் கொஞ்சம் எடுங்க" என்றார். "சாப்பிட்டீங்களா?" என்றார். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் வாடா போடா என்று கூப்பிட்ட மனுஷன் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் சாப்பாடு இறங்கும்? விஞ்ஞானிக்கு இறங்கவில்லை.

வார நடுவில் ஒரு நாள் அக்கா போன் செய்தாள்.

"உங்க மாமா வேற ஆளோட போறேன்னு மேனேஜர் அம்மாகிட்ட கேட்டிருக்காரு. அடுத்த வாரத்துல இருந்து மாத்தி விடறாங்களாம். உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட ஆபீசர் மாதிரி பேசுறாரு."

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

சொன்னான். சொல்லும்போது அந்த நகைச்சுவை முன்னைப்போல் நன்றாக இல்லை. அக்கா சிரிக்கவில்லை.

"தமாஷுக்குத்தான்கா சொன்னேன்."

"தமாஷுன்னா ரெண்டு பேரும் சிரிக்கணும்டா. நீ நம்ப மாட்டேங்கிறதுக்காக அவர் என்னைக்காவது உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்காரா? நம்பச் சொல்லி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தொந்தரவு பண்ணியிருக்காரா? நான்தான் உன்னைத் திட்டுவேன். அப்பகூட 'அவன் மனசுல இல்லாததை வாயில சொல்லச் சொல்லாத'ன்னு என்னைத்தான் அடக்குவாரு. அந்த மனுஷனை ஊரைக் கூட்டி வச்சு சிரிக்க வச்சியே."

அக்கா போனை வைத்துவிட்டாள். அவனுக்கு உண்மையாகவே வலித்தது. வேறு ஆள் யாரோடும் அவனுக்கு வேலை செய்யத் தெரியாது என்பதல்ல, செய்ய மனமில்லை. ஒரு மன்னிப்பு கேட்டுவிட்டால் காரியம் முடிந்துவிடும். ஆனால் வாய்ச்சவடால் பேசுகிறவர்களைப் பாருங்கள், மன்னிப்பு என்று வந்துவிட்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாளைக்குக் கேட்கலாம், நாளன்றைக்குக் கேட்கலாம் என்று தள்ளித் தள்ளி வாரத்தின் கடைசி நாள் வந்துவிட்டது.

அன்றைக்கு வந்த அழைப்பு அதே பழைய கட்டடத்திலிருந்து. இந்தத் தடவை கதவு மக்கர் செய்தது. கதவை இழுக்கிற மோட்டாரும் பெல்ட்டும் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் இருக்கும். லிஃப்ட்டை மேல்மாடிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, வெளிக்கதவைத் திறந்து, இருவரும் கூரை மேல் உட்கார்ந்து பெல்ட்டை மாற்றினார்கள். "பிடிங்க." "பிடிச்சுட்டேன்." "விடுங்க." "விட்டுட்டேன்." வேலை முழுவதும் பேசியது அவ்வளவுதான். முடிந்ததும் மாமா எழுந்து கையைத் துடைத்தார், வெளியே வந்தார். கண்ணை மூடவில்லை. விஞ்ஞானியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். லிஃப்ட்டைச் சரியாக நிறுத்தி இருவரும் உள்ளே ஏறினார்கள். இரண்டு மாடி சோதித்து இறங்குவதற்குள் செயலாளர் பொறுமையிழந்து உள்ளே நுழைந்துவிட்டார். சோதனை முடியவில்லை என்று சொன்னால் கேட்கிற ஆளா? "என் கட்டடம், நான் ஏறாம யாரு ஏறுவா?" என்றார். அவர் பின்னாலேயே ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவரும் மூட்டுவலியைக் காரணம் காட்டி ஏறிக்கொண்டார்.

கதவு மூடியது. லிஃப்ட் இறங்கியது. இரண்டு மாடிக்கு நடுவில் தும்மல் போட்ட மாதிரி ஒரு குலுக்கல், அப்படியே நின்றுவிட்டது.

விஞ்ஞானி பொத்தானை அழுத்தினான். இன்னொரு பொத்தானை அழுத்தினான். மாமா கதவின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். கதவு மேல்புறத்தில் ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. கதவு முழுசாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது, அதுதான் அதன் புத்தி.

செயலாளருக்கு வியர்த்துக் கொட்டியது. "ஐயா, அன்னைக்கு மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்" என்று மாமாவின் சட்டையைப் பிடித்தார்.

"என்ன சார் சொல்றது?"

"அதான்... மேலிடத்துக்கு மனு..."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. விஞ்ஞானி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமா கோபித்துக்கொள்ளவில்லை.

"லிஃப்ட் ஓடணும்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல சார். அது இவர் வேலை."

விஞ்ஞானி நிமிர்ந்தான். "அப்ப இவ்வளவு வருஷமா என்னதான் மாமா கேட்டீங்க?"

"அது எனக்கும் அவருக்கும் நடுவுல இருக்கிற பேச்சு" என்றார் மாமா.

டீச்சரம்மா தொண்டையைச் செருமினார். "நான் எங்க முறையில ஒரு பிரார்த்தனை சொல்லிக்கறேன். உங்க முறை வேறன்னு நினைக்கிறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?"

"தாராளமா சொல்லுங்கம்மா. எந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்கும்."

டீச்சரம்மா சின்னதாகச் சொல்லி முடித்து, பையைத் திறந்து பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். செயலாளர் இரண்டு எடுத்துக்கொண்டார். பயத்திலும் அவருக்குப் பசி எடுத்தது.

கூரையில் ஒரு சதுர மூடி உண்டு, அதன் சாவி மெக்கானிக்குகளிடம் இருக்கும். மாமா சாவியைப் போட்டுத் திறந்தார். ஏறிப் போக ஏணி இல்லை. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஏறுடா."

ஒரு வாரமாகக் கேட்காத அந்த 'டா' காதில் விழுந்ததும் விஞ்ஞானி அவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மாமாவின் தோளில் ஏறினான்.

"என்ன சாப்பிடுற நீ? கருங்கல்லா?"

"உங்க பொண்டாட்டி சமையல்தான். போன வாரம் அனுப்பினா."

"அதான் இந்தக் கனம்."

டீச்சரம்மா சிரித்தார். விஞ்ஞானி கூரை மேல் ஏறி, முதலில் நிறுத்தும் பொத்தானை அமுக்கினான். டார்ச் அடித்துப் பார்த்தான். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு துணி சிக்கிக் கிடந்தது. நீலக் கட்டம் போட்ட துணி. அவனுடைய பழைய சட்டைதான், கை துடைக்கக் கிழித்து வைத்திருந்தான். பெல்ட் மாற்றும்போது பக்கத்தில் வைத்தது, அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறான். அத்தனை வருடத்தில் எந்த லிஃப்ட்டின் மேலும் அவன் ஒரு ஆணியைக்கூட விட்டுவந்ததில்லை. இன்றைக்கு மட்டும் எப்படி மறந்தது? துணியை உருவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

கீழே இறங்கியபோது செயலாளர் அந்தத் துணியைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இது எப்படி அங்க போச்சு?"

"நான்தான் விட்டுட்டு வந்தேன் சார்" என்றான் விஞ்ஞானி. பிறகு மாமாவின் பக்கம் திரும்பினான். "நீங்க கண்ணை மூடி நிக்கிறப்பத்தான் மாமா நான் எல்லாத்தையும் பொறுக்குவேன், தட்டிப் பார்ப்பேன். இந்த வாரம் பூரா நீங்க நிக்கல. நானும் பார்க்கல. அது செக்கிங்னே இதுவரைக்கும் எனக்குத் தெரியாது. நேரம் போகலன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்."

மாமா அவனை ஒரு மாதிரி பார்த்தார். "நேரம் போகலையா? நீ தட்டி முடிக்கட்டும்னுதானேடா நான் இழுத்து இழுத்துச் சொல்லிட்டிருந்தேன்?"

"என்னது?"

"நான் சொல்ல வேண்டியது ரெண்டு வரி. எப்பவோ முடிஞ்சிடும். உன் ஸ்பானர் சத்தம் நிக்கலையேன்னு மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிப்பேன்."

"நீங்க கண்ணைத் திறக்கலையேன்னுதான் மாமா நான் மறுபடியும் முதல் போல்ட்ல இருந்து தட்டுவேன்!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் மாமாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விஞ்ஞானி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஊரில் இத்தனை லிஃப்ட் ஒழுங்காக ஓடியதற்கு இதுதான் காரணமா என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை. "ஐயோ, ஆட்டாதீங்கய்யா!" என்று செயலாளர் அலறினார்.

லிஃப்ட் மறுபடி ஓடியது. டீச்சரம்மாவை அவர் மாடியில் இறக்கிவிட்டு, இருவரும் மேல்மாடிக்குத் திரும்பினார்கள், செயலாளரும் கூடவே வந்தார். கூரையை முதலிலிருந்து பார்க்க வேண்டும். விஷயம் பரவி, பாதிக் கட்டடம் படியேறி மேலே வந்துவிட்டது. அன்றைக்குத் தரைத்தளத்தில் சிரித்த அதே முகங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன.

விஞ்ஞானி அவர்களைப் பார்த்தான். நாக்கு ஒட்டிக்கொள்வதற்குள் பேசிவிட வேண்டும் என்று ஆரம்பித்தான்.

"அன்னைக்கு இவரைப் பார்த்து எல்லாரும் சிரிச்சோம். சிரிக்க வச்சது நான். அது தமாஷ் இல்ல, திமிர். இவர்கிட்ட தனியா மன்னிப்பு கேட்டா பத்தாது, அதான் உங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன். மன்னிச்சுடுங்க மாமா." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "எனக்கு இப்பவும் அந்த நம்பிக்கை வரல. வரும்னும் தோணல. அதுல பொய் சொல்ல மாட்டேன். ஆனா இவர் கண்ணை மூடி நிக்காத லிஃப்ட்ல இனிமே நான் ஏற மாட்டேன்."

"நம்பிக்கை இல்லைங்கிறே, ஏறவும் மாட்டேங்கிறே. என்னப்பா கணக்கு இது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"நம்பிக்கை அவருது. ஸ்பானர் என்னுது. ரெண்டும் சேர்ந்தாத்தான் சார் இந்த லிஃப்ட் கீழ போகும்."

செயலாளர் எல்லாரையும் பார்த்து "சத்தம் போடாதீங்க" என்றார். யாரும் சத்தம் போடவில்லை.

மாமா மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் யாரோடு போகப் போகிறார் என்றும் சொல்லவில்லை. கதவின் எதிரே போய் நின்று கண்ணை மூடினார். விஞ்ஞானி கூரை மேல் இறங்கி முதல் போல்ட்டைத் தட்டினான். ஆனால் அன்றைக்கு மாமா வெறுமனே உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, வீட்டு மனுஷரிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"இவன் விரல் எல்லாம் இன்னைக்கும் முழுசா இருக்கு. அதுக்கு நன்றி. எங்க தொழில்ல அது லேசுப்பட்ட விஷயம் இல்லன்னு உனக்கே தெரியும்."

ஸ்பானர் சத்தம் நின்றுவிட்டது.

"ஏன்டா நிறுத்திட்ட? நான் இன்னும் முடிக்கல. தட்டு" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.

விஞ்ஞானி தட்டினான். எந்த போல்ட்டைத் தட்டுகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை, கண் மறைத்தது.

"வேற ஆளோட போறேன்னு கேட்டிருந்தேன். வேண்டாம்னு மேனேஜர் அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். நாங்க ரெண்டு பேருமே வருவோம். அப்புறம், தினமும் சொல்றதைத்தான் இன்னைக்கும் சொல்றேன். இவன் உன்னை நம்பலைன்னு கோவிச்சுக்காத. நீ இவனை நம்பு. நான் நம்பித்தானே ஏறுறேன்."

விஞ்ஞானி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லா போல்ட்டையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தான்.